பன்னிரண்டு பெண்களும் இரண்டு வேளையும்

பன்னிரண்டு பெண்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட வேண்டும் என்று பெரிய வாத்தியார் மிஸ்ஸியம்மாவிடம் சொன்னபோது, நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு வயது பத்தொன்பது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எழுத்துக் கற்றதில்லை. அப்பா சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்தார். பெயர் எழுதவேண்டிய இடத்தில் எல்லாம் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறவர். அந்த வீட்டிலிருந்து வேலூருக்குப் போய், இரண்டு வருஷம் உபாத்தினிப் பயிற்சி முடித்து, சான்றிதழோடு கோலார் தங்கவயலுக்குத் திரும்பி வந்தேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. சுரங்கக் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லைன் வழியாக நடக்கும்போது, தேவை இல்லாத நாளிலும் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடப்பேன்.

பள்ளிக்கூடம் மைசூர் மைன்ஸ் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரை போட்ட ஒரே கூடம். நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப்பக்கம் பையன்களோடு பெரிய வாத்தியார், இந்தப்பக்கம் பெண்களோடு நான். கொஞ்ச தூரத்தில் மில்லு தங்கத்துக்காகக் கல்லை இடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் குரல் பெரியது. மில்லு என்றைக்காவது நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

காலையில் வாய்ப்பாடு, செய்யுள் என்று மனப்பாட வேலை முழுவதும் நடக்கும். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் பெண்களுக்குத் தையல் மட்டும்தான். நான் சொன்ன பன்னிரண்டு பேர் எங்கள் லைனிலிருந்து வருகிறவர்கள். அங்கே வரிசையாகத் தட்டி வீடுகள், வீட்டுக்கு ஒரே அறை. காலைச் சங்கு ஊதியதும் அம்மாக்கள் மில்லுக்கு முன்னால் கல் பொறுக்கப் போய்விடுவார்கள். தண்ணீர் பிடிப்பது பெண்பிள்ளைகளின் பொறுப்பு. லைன் முனையில் ஒரே ஒரு குழாய். அதன் முன்னால் குடங்கள் நிற்கும் வரிசை சில நாள் கோயில் வரைக்கும் போகும். தண்ணீரை வீட்டில் ஊற்றிவிட்டு இந்தப் பெண்கள் ஓடி வரும்போது மனப்பாட வேளை முடிகிற சமயமாக இருக்கும். ஈரப் பாவாடையோடு வாசலில் நின்று, மற்றவர்கள் சொல்வதில் கடைசி நாலு வரியைக் கேட்பார்கள். அதனால் பன்னிரண்டு பேருக்கும் தையல் அருமையாக வரும். ஏழாம் வாய்ப்பாடு வராது.

பெரிய வாத்தியார் கெட்ட மனிதர் இல்லை. இன்ஸ்பெக்டர் வருகிற வருஷம் அது. அந்தப் பயம் அவருக்கு. மிஸ்ஸியம்மாதான் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தை நடத்தியவர். சீமையிலிருந்து வந்து இருபது வருஷமாகத் தமிழ் பேசியும், பேச்சில் அச்சுப் புத்தகத்தின் வாசனை போகாதவர். அவர் மேசைக்கு முன்னால் நின்று வாத்தியார் சொன்னார்:

"இது மண்டையில ஏறாத கூட்டங்கம்மா. தண்ணி தூக்கற பொண்ணுங்க தண்ணியே தூக்கட்டும். தொரை வந்து கேட்டா வாயத் தொறக்காம நிக்குங்க. தல குனியறது நாமதான்."

மண்டையில் குற்றம் இல்லை, வேளையில்தான் குற்றம் என்று நான் சொன்னேன். இவர்களுக்கு மட்டும் மனப்பாடத்தை மத்தியானத்துக்கு மாற்றிக் கொடுங்கள், மற்றவர்களுக்குச் சமமாகப் படிப்பார்கள் என்றேன். வாத்தியார் சிரித்தார். மத்தியானம் வயிறு நிறையக் களி தின்றுவிட்டு, காய்கிற தகரத்துக்குக் கீழே உட்கார்ந்தால் யாருக்கும் தூக்கம்தான் வரும், பாடம் வராது என்பது அவர் கட்சி. இத்தனை வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

மிஸ்ஸியம்மா என் பக்கம் திரும்பினார். "மத்தியானமும் காலையும் சமம் என்பதை நீ எப்படி அறிவாய்?"

"எனக்குத் தெரியும்மா."

"எப்படி அறிவாய் என்று கேட்டேன்."

வாத்தியாருக்கும் அவர் அதே கேள்வியைப் போட்டார்; காட்டுவதற்கு இருவரிடமும் ஒரு கணக்கும் இல்லை. கடைசியில் மிஸ்ஸியம்மா ஆறு வாரம் தவணை கொடுத்தார். மத்தியானத்தில் படித்ததும் காலையில் படித்த அளவுக்கு நிற்கிறது என்று நான் காட்டினால், அந்தப் பெண்களுக்கு மத்தியான வகுப்பு உண்டு. காட்ட முடியாவிட்டால் பன்னிரண்டு பெயரும் போகும்.

பயிற்சிப் பள்ளியில் மனத்தைப் பற்றி எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. கவனம், நினைவு, பழக்கம் என்று அத்தியாயம் அத்தியாயமாக ஒப்பித்திருக்கிறோம். சீமையில் சிலர் மனத்தையும் அளந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி வரும். எப்படி அளப்பது என்று அந்த வரி சொல்லவில்லை. ஆகவே நானே ஒரு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் பலகையும் பலப்பமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பயமாக இல்லை. உண்மையைச் சொன்னால், இப்படி ஒரு வேலை எனக்கென்றே வந்திருக்கிறது என்று சந்தோஷமாகவே இருந்தது.

எதை மனப்பாடம் செய்யவைப்பது என்பதில் சிக்கல் இல்லை. நாளுக்குப் பத்துச் சொல். மூன்று தரம் உரக்கப் படிப்பேன். மறுநாள் அதே வேளையில் ஒவ்வொருத்தியாக, மூலையில் தனியாகக் கட்டிய சின்னத் திரைக்குப் பின்னால் வந்து, நினைவில் நிற்பதைச் சொல்ல வேண்டும். முதலில் நான் எழுதிய சொற்களில் திரைச்சீலை, கடிகாரம், மைக்கூடு எல்லாம் இருந்தன. கடிகாரத்தை வீட்டில் கண்டிராத பெண்ணுக்கு அது சொல்லே இல்லை, வெறும் சத்தம். அவற்றை அடித்துவிட்டு குடம், கயிறு, சல்லடை, கூடை, அடுப்பு என்று போட்டேன். காலையில் கேட்டவள் மத்தியானம் வருகிறவளுக்கு வழியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவாள் என்பதால் இரண்டு வேளைக்கும் வேறு வேறு சொற்கள்.

யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதில்தான் தலை சுற்றியது. ஆண்டர்சன்பேட்டைக் கடைக்காரர் வீட்டுப் பெண்கள் காலையில் சரியாக வருகிறவர்கள். அவர்களுக்குக் காலையிலும் லைன் பெண்களுக்கு மத்தியானத்திலும் சொல்லிக்கொடுத்து, இரண்டு கூட்டத்தையும் ஒப்பிடலாம் என்றுதான் முதலில் எழுதினேன். சுலபமான வழி. ஆனால் கடைக்காரர் வீட்டில் இரவு அண்ணன் படிப்பான், தங்கை பக்கத்தில் இருந்து கேட்பாள். அவள் அதிகம் சொன்னால் அது காலையின் பெருமையா, அண்ணனின் பெருமையா? வேளையை அளக்கப் போய் வீட்டை அளந்துவிடுவேன். அதை அழித்தேன்.

அடுத்தது, அதே பன்னிரண்டு பேரையே ஒரு வாரம் காலையில், மறு வாரம் மத்தியானத்தில் படிக்கவைத்துப் பார்ப்பது. ஒரே பெண், ஒரே மண்டை. வேளை மட்டும் மாறும். இது சரி என்று தோன்றியது. ஆனாலும் ஒரு முன்னோட்டம் பார்க்க வேண்டும் என்று இரண்டு பெண்களைக் கூப்பிட்டுச் சில நாள் காலையிலேயே சொற்களைக் கொடுத்தேன். முதல் நாள் நாலைந்து சொல் சொன்னவர்கள், நாலாம் நாள் எட்டு ஒன்பது சொன்னார்கள். எப்படி என்று கேட்டேன். "கத கட்டிக்கினோம் வாத்தியாரம்மா," என்றாள் ஒருத்தி. "குடத்த கயித்துல கட்டி கூடையில வெச்சு அடுப்புல ஏத்திட்டோம்னு." அதாவது, பழகப் பழக எந்த வேளையானாலும் ஏறும். மத்தியானத்தை இரண்டாவதாக வைத்தால் மத்தியானம் ஜெயிக்கும். காலையை இரண்டாவதாக வைத்தால் காலை ஜெயிக்கும். நான் நினைத்த பக்கம் துலாக்கோலைச் சாய்க்கலாம். அது எனக்கு அவமானமாகப் பட்டது. அதையும் அழித்தேன்.

அப்போது அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அந்த வாரம் அவருக்கு ராத்திரி ஷிப்டு. எங்கள் லைனில் பாதிப் பேர் ஒரு வாரம் பகலில் இறங்குவார்கள், பாதிப் பேர் ராத்திரியில். ஞாயிறோடு மாறிக்கொள்வார்கள். ராத்திரியின் கஷ்டமும் பகலின் சௌகரியமும் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேருவதற்கு அந்த ஏற்பாடு. அவர் தலைப்பாகை கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வேண்டியது அங்கேயே இருந்தது. ஆறு பெண்கள் முதல் வாரம் காலை, ஆறு பெண்கள் மத்தியானம். இரண்டாம் வாரம் மாறிக்கொள்ள வேண்டும். பழக்கத்தால் வருகிற லாபம் இரண்டு வேளைக்கும் ஒரே அளவு போகும். எந்தப் புத்தகமும் சொல்லித் தராமல் என் வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்தேன் என்று அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எந்த ஆறு, எந்த ஆறு என்று நான் யோசிக்கவே இல்லை. லைனில் யாரைப் பற்றிப் பேசினாலும் "அது பகல் வீடு", "இது ராத்திரி வீடு" என்றுதான் பேச்சு. பன்னிரண்டு பேரில் சரியாக ஆறு பேரின் அப்பாக்களுக்கு அந்த வாரம் பகல், ஆறு பேருக்கு ராத்திரி. கடவுளே பிரித்துக் கொடுத்ததைப் போல இருந்தது. பகல் வீட்டுப் பெண்களைக் காலைக்கும், ராத்திரி வீட்டுப் பெண்களை மத்தியானத்துக்கும் போட்டேன்.

காலைக்கு வருகிறவர்கள் தாமதமாக வரக்கூடாதே. அதற்குத் தண்ணீர் வழி பண்ண வேண்டும். அதை அம்மா ஏற்றுக்கொண்டாள். குழாயடியில் அம்மாவின் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. ஆனாலும் ஆறு குடத்தை வரிசையில் முன்னால் தள்ளியபோது பேச்சு வராமல் இல்லை.

"உம் பொண்ணு படிச்சதுக்கு நாங்க குடத்தோட நிக்கணுமா?" என்று ஒருத்தி கேட்டாளாம்.

"எம் பொண்ணு படிச்சி முடிச்சாச்சி. இப்ப உம் பொண்ணு படிக்கறதுக்குத்தான் நிக்கற. நில்லு," என்று அம்மா சொன்னாளாம். வீட்டுக்கு வந்து இதை எனக்கு மூன்று தரம் சொன்னாள்.

இரண்டு வாரம் ஒரு நாள் தவறாமல் நடந்தது. மாறவேண்டிய திங்கட்கிழமை மாறினார்கள். கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் ஒருத்தி விடாமல் எல்லோருக்கும் காலையில் அதிகம், மத்தியானத்தில் குறைவு. கொஞ்சம் நஞ்சம் இல்லை. காலையில் எட்டுச் சொல் சொன்னவள் மத்தியானத்தில் ஐந்தோடு நின்றிருந்தாள்.

திரும்பத் திரும்பக் கூட்டினேன். அந்தக் காகிதத்தை ஒளித்துவைக்கலாமா என்று மனம் ஒரு நொடி போயிற்று. ஆனால் முறையைத் தேர்ந்தெடுத்தது நான். நல்ல முறை என்று மார்தட்டியதும் நான். அது கொடுத்த விடையை ஏற்காவிட்டால் நான் படித்ததில் என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை காகிதத்தை மிஸ்ஸியம்மாவின் மேசையில் வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீ நேர்மையாய்ச் செய்தாய்," என்றார். அந்தப் பாராட்டு எனக்குக் கசந்தது. பெரிய வாத்தியார் பதிவேட்டை எடுத்துப் பன்னிரண்டு பெயர்களின் மேலும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டார். தவணைக் கடைசியில் மையால் போடுவது என்று பேச்சு.

சனிக்கிழமை பகல் மூன்று மணி இருக்கும். லைன் வழியாக வந்துகொண்டிருந்தேன். கையில் புத்தகம் இல்லை. பன்னிரண்டு பேரில் கெட்டிக்காரி என்று நான் நினைத்திருந்த பெண், குடத்துக்கும் அடுப்புக்கும் கதை கட்டினாளே அவள்தான், வீட்டுக்கு வெளியே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிழலுக்கு நிழல் நகர்ந்துகொண்டிருந்தாள். உள்ளே போகாமல் ஏன் வெயிலில் நிற்கிறாய் என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்தாள்.

"அப்பா தூங்குது. ராத்திரி ஷிப்டு."

"சாப்பிட்டியா?"

"அப்பா எழுந்தாதான் அடுப்பு. பொக வந்தா எழுந்து கத்தும். எழுந்தப்பறம் களி கிண்டுவேன்."

"நேத்து?"

"நேத்தும் அப்படித்தான். போன வாரம் அப்பா பகல்ல போச்சு. போன வாரம் பன்னெண்டு மணிக்கே துன்னோம்."

அந்த வெயிலிலேயே விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தேன். முதல் வாரம் மத்தியானத்தில் வந்தவர்கள் ராத்திரி வீட்டுப் பெண்கள். இரண்டாம் வாரம் நான் பெண்களை மாற்றினேன். அதே ஞாயிற்றுக்கிழமை சுரங்கம் அப்பாக்களை மாற்றியது. ஆக இரண்டாம் வாரம் மத்தியானத்தில் வந்தவர்களும் ராத்திரி வீட்டுப் பெண்கள்தான். காலையில் வந்தவர்கள் எல்லோரும், இரண்டு வாரமும், பகல் வீட்டுப் பெண்கள். மத்தியானம் என்று நான் எழுதி வைத்த ஒவ்வொரு எண்ணும் பட்டினி வயிற்றின் எண். களி தின்றால் தூக்கம் வரும் என்று பெரிய வாத்தியார் சொன்னாரே, அந்தக் களியை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. இதே லைனில், இதே ஷிப்டில் வளர்ந்தவள் நான். வெளியூர்க்காரி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு பிரித்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகத் தவறு செய்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே புதிய முறையும் மனதில் ஓடிற்று. பகல் வீட்டு ஆறு பேரில் மூன்று பேர் காலைக்கு, மூன்று பேர் மத்தியானத்துக்கு. ராத்திரி வீட்டு ஆறு பேரையும் அப்படியே பிரிக்க வேண்டும். அப்போது நாலு விதமும் தனித்தனியாகத் தெரியும்: வயிறு நிறைந்த காலை, வயிறு நிறைந்த மத்தியானம், பசித்த காலை, பசித்த மத்தியானம். குறைவது வேளையாலா பசியாலா என்று சந்தேகமே இல்லாமல் சொல்லிவிடலாம். அவ்வளவு அழகாக இருந்தது அது. இன்னும் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் இப்படியே விட்டால் போதும் என்றேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணுங்க துன்னலன்னு இப்ப உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினு ரெண்டு வாரம் பாத்துக்கினே குந்தியிருப்பியா? இன்னா படிப்பு இது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இது உனக்குப் புரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தப் பெண் நிழல் தேடி நகர்ந்தது கண்ணில் வந்து நின்றது. யோசித்துப் பார்த்தால், மிஸ்ஸியம்மா கேட்ட கேள்விக்கு அந்த நாலு விதமும் வேண்டாம். எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, அதன்பிறகு காலையும் மத்தியானமும் சமமா என்று பார்த்தால் போதும். பசி எவ்வளவு குறைத்தது என்பது எனக்குத் தெரியாமலே போகும். அது எனக்குத்தான் நஷ்டம், அவர்களுக்கு இல்லை. அழகான முறையை விட்டுவிட்டுப் போதுமான முறையை எடுத்துக்கொண்டேன்.

அடுப்புப் பிரச்சினையை அம்மா ஒரே சாயங்காலத்தில் தீர்த்தாள். ராத்திரி வீட்டுப் பெண் தன் மாவை எடுத்துக்கொண்டு பகல் வீட்டுக்குப் போய் அங்கே களி கிண்டிக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் ஷிப்டு மாறினால் அந்த வீட்டுப் பெண் இந்த வீட்டுக்கு வருவாள். ஆறு ஜோடி வீடுகள். யாரோடு யார் சேருவது என்பதில் பழைய சண்டைகள் குறுக்கே வந்தன. அவற்றை எல்லாம் அம்மா எப்படிச் சமாளித்தாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை எனக்கு இருந்த வேலை இதைவிடக் கஷ்டமானது. மிஸ்ஸியம்மாவுக்கும் பெரிய வாத்தியாருக்கும் முன்னால் நின்று, நான் தேர்ந்தெடுத்த முறை தவறு என்று சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் அதற்குமுன் அப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை. சொன்னேன். பெரிய வாத்தியார் முழுவதும் கேட்டார். பிறகு கேட்டார்:

"அப்ப உனக்கு வேணுங்கற பதில் வர்ற வரிக்கும் பரீட்ச வெச்சிக்கினே இருப்பியாம்மா?"

நியாயமான கேள்வி. இன்றுவரை என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளில் அதுதான் கூர்மையானது. இரவெல்லாம் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன் என்பதால் பதில் தயாராக இருந்தது. ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்: வயிறு நிறைந்த பிறகும் மத்தியானம் குறைந்தால், பன்னிரண்டு பெயரையும் நானே மையால் அடிப்பேன், இன்னொரு பரீட்சை கேட்கமாட்டேன். அதை அவரிடமே கொடுத்து, அவர் மேசையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். இந்த முறை பெண்கள் சொல்வதை நான் கேட்டுக் குறிக்கப் போவதில்லை. திரைக்குப் பின்னால் அவரே உட்கார்ந்து குறிக்க வேண்டும். மத்தியானத்துக்கு அவர் தாராளம் காட்டுவார் என்று ஒருவரும் சொல்ல முடியாதே.

மிஸ்ஸியம்மா வாயை மூடிக்கொண்டு இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல் அது.

எந்த மூன்று பேர் காலைக்கு என்பதை நான் தேர்ந்தெடுக்கவும் கூடாது, சுரங்கம் தேர்ந்தெடுக்கவும் கூடாது. ஒரு சொம்பில் மூன்று புளியங்கொட்டைகளைக் கறுப்பாகவும், மூன்றை வெள்ளை தெரியத் தேய்த்தும் போட்டேன். வெள்ளை எடுத்தால் காலை, கறுப்பு எடுத்தால் மத்தியானம். பகல் வீட்டுப் பெண்களுக்கு ஒரு தரம், ராத்திரி வீட்டுப் பெண்களுக்கு ஒரு தரம். புளியங்கொட்டையைப் பார்த்ததும் பெரிய வாத்தியாரின் முகம் மாறிவிட்டது. வேதம் படிக்கிற கூடத்தில் சூதாட்டமா என்றார். இயேசுவின் சீஷர்களே ஒருமுறை சீட்டுப் போட்டுத்தான் ஆளைத் தேர்ந்தார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தாங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அவர் கொஞ்சநேரம் மேலே தகரத்தைப் பார்த்தார். "குலுக்கறதுன்னா நல்லா குலுக்கு," என்றார்.

மறுபடி இரண்டு வாரம். முன்போலவே ஞாயிறோடு பெண்களும் மாறினார்கள், அப்பாக்களும் மாறினார்கள். ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு வேளையிலும் இரண்டு வீட்டுப் பெண்களும் கலந்திருந்தார்கள். குழாயடியில் அம்மா, பகல் வீடுகளில் களி, திரைக்குப் பின்னால் பெரிய வாத்தியார். நான் சொற்களைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வேன். மில்லுச் சத்தத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் கேட்காது. ஒரு மத்தியானம் மட்டும், அந்தக் கதை கட்டுகிற பெண் வெளியே வந்தவுடன், வாத்தியார் திரையை விலக்கி, "பத்தும் சொல்லிட்டா," என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. உடனே திரையை இழுத்துவிட்டார். களி அவர் சொன்ன வேலையையும் கொஞ்சம் செய்தது என்பதை மறைக்கக் கூடாது. ஒருத்தி இரண்டு நாள், சொற்களைப் படிக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவளுக்கு அந்த நாட்களில் விழுந்த முட்டையை அப்படியே கணக்கில் வைத்தோம்.

கடைசி வெள்ளிக்கிழமை பெரிய வாத்தியாரே கூட்டினார். நான் மேசைக்கு எதிரே நின்றேன். பன்னிரண்டு பெண்களும் வாசலில் நின்றார்கள். விஷயம் இன்னதென்று யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் ஒருமுறை மேலிருந்து கீழே கூட்டினார். பிறகு கீழிருந்து மேலே. காலைக்குச் சில சொல் அதிகம் இருந்தது. பன்னிரண்டு பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு சொல்கூட வராது. தூங்கினவளின் இரண்டு நாளை எடுத்துவிட்டால் அதுவும் இல்லை. எதுவும் பேசக்கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன்.

"சமம்தான்," என்றார் பெரிய வாத்தியார்.

"எப்படி அறிவீர்?" என்று கேட்டார் மிஸ்ஸியம்மா.

"நானே கேட்டேங்கம்மா. எங்காதால கேட்டேன்."

பிறகு மேசையிலிருந்து என் காகிதத்தை எடுத்து, நாலாக மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மத்தியான வகுப்பு நடக்கிறது. இன்ஸ்பெக்டர் வந்தபோது பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஏழாம் வாய்ப்பாட்டைத் தடுக்காமல் சொன்னார்கள். மூன்று பேர் தடுக்கினார்கள். கடைக்காரர் வீட்டுப் பெண்களிலும் மூன்று பேர் தடுக்கினார்கள். முதல் பரீட்சையில் மத்தியானத்தைக் குறைத்தது பசியா, அப்பா எழுந்துவிடுவாரோ என்று நாளெல்லாம் மூச்சடக்கி இருந்ததா, வெயிலா என்று எனக்கு இப்போதும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. அதில் வருத்தமும் இல்லை.

புளியங்கொட்டைச் சொம்பு பள்ளிக்கூடத்து அலமாரியிலேயே இருக்கிறது. பிரம்பால் அடித்தால் பையன்களுக்குப் பாடம் ஏறுகிறதா, அடிக்காவிட்டால் ஏறுகிறதா என்று அதைக் கொண்டு பார்க்கலாமே என்று ஒருநாள் பெரிய வாத்தியாரிடம் கேட்டேன். அதற்கெல்லாம் கொட்டை வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு பிரம்பை எடுக்கும்போது அலமாரியை ஒருதரம் பார்த்துக்கொள்கிறார்.

பென்சில் கோடுகளை அவர் ரப்பரால் அழித்தார். பழைய காகிதம் என்பதால் தடம் முழுவதும் போகவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குப் பெயர் கூப்பிடும்போது பன்னிரண்டு பெயர்களுக்குக் குறுக்கேயும் அந்த மங்கலான தடம் தெரியும். "ஆஜர் வாத்தியாரம்மா" என்று கையில் ஒட்டிய களியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே சொல்வார்கள். பாவாடையில் துடைக்காதே என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போவேன். கோடு போடாத பெயர்கள் கீழே வரும். இந்த வருஷம் அப்படி ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள்.